பத்தாவது டிக்கெட்

"பத்துப் பேர் சேந்தாதான் படம் போடுவோம்மா. நீங்க ஒருத்தருதான் வந்திருக்கீங்க," என்றார் கவுண்டரில் இருந்த பச்சமுத்து.

இதற்காகவே ரசியா பேகம் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து விருத்தாசலம் வந்திருந்தாள். நாளைக்குப் படத்தைத் தூக்கிவிடுவார்கள்.

"நானே ஆளு சேத்தா போடுவீங்கல்ல?"

"போடாம என்னா. திமிங்கலத்தப் பாக்க யாரு வருவா?"

அவளுடைய போன் அடித்தது. மஸ்கட்டில் கம்பெனி மேனேஜராக இருக்கும் கணவர் நைனா முகம்மது.

"எங்க இருக்கே?"

"தியேட்டர்ல. கடல் படம் பாக்கப்போறேன்."



"எந்தக் கடலு?"

"எந்தக் கடலா இருந்தா என்னாங்க? உப்பாத்தான் இருக்கும்."

"மீனு பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போ. மொதல்ல வூட்டுக்குக் கெளம்பு."

"மார்க்கெட்டுல செத்துல்ல கெடக்குது. இருவது வருசமா நீங்க கடலத் தாண்டித் தாண்டிப் போறீங்க. அதுக்குள்ள என்னா இருக்குதுன்னு நான் பாக்கக் கூடாதா?"

போனை வைத்துவிட்டாள். லீவில் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனுஷன். கேட்டால், 'நான் ஆபீஸ் ஆளு, அடுப்படிப் பக்கமே எனக்கு ஆவாது' என்பார். சால்னாவில் உப்புக் குறைச்சல் என்று சொல்ல மட்டும் நன்றாக வரும்.

வெளியே ஆட்டோவில் சாய்ந்து கிடந்தார் சாமிதுரை. லீவுக்கு வரும் நைனா முகம்மதுவை ஜங்ஷனிலிருந்து ஏற்றிப்போவது அவர்தான்.

"சாமிதுரை, படத்துக்கு வாப்பா. டிக்கெட்டு என்னுது."

"யாருக்கா ஹீரோ?"

"திமிங்கலம்."

"ஃபைட்டு இருக்குதா?"

"சுறா வருதாம்."

ரெண்டு பேர் ஆச்சு.

பஸ் ஸ்டாப்பில் செராமிக் பொம்மைக் கம்பெனிப் பெண்கள் நாலு பேர், கையெல்லாம் வெள்ளைக் களிமண்ணோடு நின்றார்கள். கரண்டு போய் வேலை நின்றுவிட்டதாம்.

"உள்ள ஏசி இருக்குதா?" என்றாள் பாஞ்சாலை.

"இருக்குது."

"அப்ப எந்தப் படமா இருந்தா என்னா."

ஆறு. அதற்குள் சாமிதுரை போனைப் பொத்திக்கொண்டு முழித்தார்.

"அக்கா, மேனேஜர் பாய் பேசுறாரு. ஒங்கள ஒடனே ஏத்திக்கினு போயி வூட்டுல வுடணுமாம்."

"ஆட்டோ சாவியக் குடு."

கொடுத்தார். அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இப்ப ஏத்திக்கினு போ."

பச்சமுத்து கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் பத்து நிமிஷம்மா. அப்புறம் கதவச் சாத்திடுவோம்."

"எங்க பஸ்ஸு வந்துட்டா நாங்களும் ஏறிடுவோம்," என்றாள் பாஞ்சாலை.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. விருத்தாசலத்திலேயே குடியிருக்கும் ரசியாவின் கொழுந்தன் இஃப்திகார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி சைமா, நடுவில் நசுங்கி இன்னொரு பிள்ளை.

"அண்ணி, அண்ணன் போன்ல கத்துறாரு. ஒங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. நான் சொன்னா கேக்க மாட்டீங்கன்னு சைமாவையும் அழச்சிட்டுப் போவச் சொன்னாரு."

"புள்ளைங்க எதுக்கு?"

"வூட்டுல வேற யாரு இருக்கா பாத்துக்க?"

ரசியா ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினாள்.

"பச்சமுத்து, பத்து ஆச்சு. டிக்கெட்டக் கிழிங்க."

"அண்ணி, அண்ணன் கேட்டா நான் என்னா சொல்றது?"

"நீங்க அனுப்புன ஆளுங்களாலதான் பத்து சேந்துதுன்னு சொல்லு."

சைமா ஏற்கெனவே பாப்கார்ன் கடைப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. கைப்பைக்குள் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. ரசியா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

திரை முழுக்க நீலம். கடைவீதி அகலத்துக்கு ஒரு முதுகு தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. பாஞ்சாலை பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். களிமண் பர்தாவில் ஒட்டியது. ரசியா தட்டிவிடவில்லை. இருபது வருடமாகத் தனக்குத் தெரியாமல் இவ்வளவும் அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில், படம் எடுத்தவர்கள் மஸ்கட்டை ஒட்டிய ஓமான் கடலில் பட்ட பாட்டைக் காட்டினார்கள். கேமராக்காரர்கள் வந்தார்கள், மூழ்கிப் படம் பிடித்தவர்கள் வந்தார்கள், படகின் சமையலறையும் வந்தது.

பின்வரிசையிலிருந்து சாமிதுரை முன்னால் குனிந்தார்.

"அக்கா, அங்க குந்திக்கினு வெங்காயம் உரிச்சு அழுவுறாரே, அது நம்ம மேனேஜர் பாய்தான?"