நெட் இல்லாத தீவின் ஆன்லைன் மாணவர்

நம் அந்தமான் தீவுகளில் முதலை உண்டு, தேங்காய் நண்டு உண்டு, கடல்பசு உண்டு. எல்லாவற்றுக்கும் வனத்துறையில் பட்டியலும் உண்டு. பட்டியலில் ஏறாத ஒரு பிராணி மட்டும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் தாராளமாக நடமாடுகிறது. சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் போட்டு, நெட் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு பெருகிய இனம் இது. வயது நாற்பதுக்கு மேல். தலையில் பாதி நரை, மீதி சாயம். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, காதில் ஹெட்போன். இனத்தின் பெயர், ஆன்லைன் மாணவர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இங்கே ஒரு ஆபீசில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, புரோத்ராபூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியும் மறு கையால் போனும் பிடித்தபடியே மூன்று வருஷம் பாடம் கேட்டு, டிகிரி வாங்கி, சான்றிதழைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் அதே பஸ்ஸில் ஏறிய ஜெயராணியை எனக்குத் தெரியும். அவர் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை. அவர் படித்தார். நான் சொல்வது சேர்கிறவர்களை.

சேர்வதற்கும் படிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? ஆறு செமஸ்டர் வித்தியாசம்.

உதாரணத்துக்கு நம்மவர் திருநாவுக்கரசு. பெயரைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டியதில்லை. அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். டெலானிபூரில் எனக்குப் பக்கத்து பிளாக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆபீசில் கிளார்க். சேர்ந்த பாடம், பொது நிர்வாகம். இருபத்திரண்டு வருஷம் செய்த வேலையையே இனிமேல் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்த மனிதர்.

இந்த இனம் சேர்ந்த அன்று என்ன செய்யும்? படிக்கும் என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. வாட்ஸ்அப்பில் தன் முகத்தின் மேல் பட்டமளிப்பு விழாத் தொப்பியை ஒட்டும். பதினேழு குரூப்பில் அறிவிக்கும். பிறகு அபர்தீன் பஜாருக்குப் போய் ஒரு மேஜை, முதுகுக்கு இதமான ஒரு நாற்காலி, தலையை ஆட்டும் விளக்கு, நாலு வண்ணத்தில் மார்க்கர், இவற்றையெல்லாம் வாங்கி வந்து, பெட்ரூமில் இருந்த துணி ஸ்டாண்டை வராந்தாவுக்கு நாடு கடத்திவிட்டு, அந்த இடத்துக்கு ‘ஸ்டடி’ என்று பெயர் வைத்து, சுவரில் ஒரு டைம்டேபிள் ஒட்டும். காலை ஐந்து முதல் ஏழு வரை ஆட்சியியல் கோட்பாடு, சிவப்பில். மாலை ஆறு முதல் எட்டு வரை அரசியலமைப்பு, பச்சையில். ஞாயிறு முழுநாள் மீள்பார்வை, நீலத்தில். அந்தச் சுவர் படித்திருந்தால் இன்று கலெக்டராகியிருக்கும்.

டைம்டேபிள் ஒட்டிய களைப்பில் நம்மவர் ஒரு வாரம் ஓய்வெடுத்தார்.

அதற்குப் பிறகுதான் படிப்பின் உண்மையான பயன் தெரிய வந்தது. முருகன் கோயில் கமிட்டிக்குக் கூப்பிட்டால், “எக்ஸாம் இருக்குங்க.” திக்லிபூரில் மச்சினி மகள் கல்யாணம், போக ஒரு நாள், வர ஒரு நாள், பஸ்ஸில் இடுப்பு கழன்றுவிடும். “எக்ஸாம் இருக்கு, நீ போயிட்டு வந்துரு சந்திரா” என்பார் மனைவியிடம். ஆபீசில் ஒரு அவசரக் கோப்பு. நம்மவர் மேஜைமேல் கிடக்கும் தடிப் புத்தகத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார். செக்ஷன் ஆபீசர் மண்டல் பாபு வங்காளி, நல்ல மனிதர். “அரே திருநா, எக்ஸாம் கப் ஹை?” என்று தேதி கேட்பார். “ஜல்தி ஹை சாப்” என்பார் நம்மவர். சீக்கிரம் வருகிறதாம். இரண்டரை வருஷமாகச் சீக்கிரம் வந்துகொண்டிருந்தது. ஆனால் பீச்சில் யாராவது சூரை மீன் வறுக்கிறார்கள் என்றால் மட்டும் எந்த எக்ஸாமும் குறுக்கே வந்ததில்லை. கவனித்திருக்கிறேன்.

சரி, பாடம்? பாடம் ஓடியது. வீடியோவாக ஓடியது. அது முழுக்க ஓடி முடிந்தால்தான் வருகைப்பதிவு. ஆள் தூங்கிவிடக் கூடாது என்று கால்மணிக்கு ஒரு தடவை திரையில் ஒரு கேள்வி வரும். ‘நீங்கள் இருக்கிறீர்களா?’ கீழே ஒரு பொத்தான். ‘இருக்கிறேன்.’ அழுத்தாவிட்டால் பாடம் நின்றுவிடும்.

அந்தப் பொத்தானை அழுத்தியது யார் என்கிறீர்கள்?

சந்திரமதி. லேப்டாப் இருந்த இடம் ஸ்டடி அல்ல, அடுப்படி. கேஸ் அடுப்புக்கும் மிக்சிக்கும் நடுவில் பேராசிரியர் பேசிக்கொண்டிருப்பார். நம்மவர் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். கால்மணிக்கொரு தரம் குரல் கொடுப்பார்.

“சந்திரா, கேட்டுச்சா பாரு.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

“கரெக்டா அமுக்கினியா?”

“மாவுக் கையோட அமுக்கினேன். போதுமா? அந்த வாத்தியார் சொல்றாரு, வேலையைக் கீழ தள்ளிவிடலாமாம், பொறுப்பைத் தள்ளிவிட முடியாதாம். உங்களுக்குத்தான் சொல்றாரு, வந்து கேளுங்க.”

“குறிச்சு வை, அப்புறம் பார்க்கறேன்.”

அப்புறம் பார்த்தாரா? இந்த இனத்தின் அகராதியில் ‘அப்புறம்’ என்பது ஒரு ஊர். அங்கே போய்த் திரும்பியவர் யாரும் இல்லை.

இனி இந்த இனத்தின் தலையாய ஆயுதத்துக்கு வருகிறேன். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு அந்தமான் என்றால் காடு, கடல், நடுவில் நாலு தென்னை மரம். நமக்கு அது எரிச்சல். நம்மவருக்கு அது மூலதனம். அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய தேதி தாண்டும்போதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போகும். ‘ஐயா, நான் தொலைதூரத் தீவில் பணிபுரிகிறேன். இங்கே நெட் அறவே கிடையாது. அவகாசம் தந்தருள வேண்டுகிறேன்.’ நெட் இல்லாத ஊரிலிருந்து மெயில் எப்படி வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரக்கப்பட்டு அவகாசம் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க நம்மவருக்குத் துணிச்சல் வந்தது. ஒரு தடவை ஆதாரம் வேண்டுமே என்று, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை ஆறு நிமிஷம் படம் பிடித்து, முழு வீடியோவையும் ஏற்றி அனுப்பினார். இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்தது.

அவகாசத்தின் மேல் அவகாசமாக, கடைசி செமஸ்டர் வந்தபோது ஐந்து பேப்பர் மிச்சம். அதே நேரத்தில் ஆபீசில் தலைமை கிளார்க் பதவி காலி. டிகிரி வேண்டும். ஜூலை மாதத்துக்குள் ரிசல்ட் கையில் இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் யார்? அருண்பிரசாத். ஆறு வருஷம் ஜூனியர். கோப்பில் நாடா கட்டுவது எப்படி என்று இவரிடம் கற்றுக்கொண்ட பையன். நாளைக்கு அவனைப் பார்த்து எழுந்து நின்று ‘சார்’ என்று சொல்ல வேண்டும். நம்மவர் முதன்முதலாகப் பரீட்சைத் தேதியைத் தேடிப் பார்த்தார்.

ஆனாலும் தைரியம் இருந்தது. வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் பரீட்சைதானே? கேமரா முகத்தைத்தானே பார்க்கும்? கேமராவுக்குப் பின்னால் சந்திரமதி நிற்க மாட்டாளா என்ன?

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, போனை நீட்டியபடி என் வீட்டுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே சந்திரமதி. தொழிற்சங்க காலத்தில் நோட்டீசும் மனுவும் எழுதிய கை என்பதால் இன்னும் என் வாசலுக்கு இப்படி ஆட்கள் வருவதுண்டு.

“தோழர், ஒரு மனு எழுதணும். அவசரம்.”

“யாருக்கு?”

“யூனிவர்சிட்டிக்கு.”

“கோரிக்கை?”

“எங்க ஏரியாவுல நெட் சூப்பரா இருக்குன்னு.”

நாற்பது வருஷமாக நான் எழுதியதெல்லாம் இல்லை என்றுதான். தண்ணீர் இல்லை, பஸ் இல்லை, டாக்டர் இல்லை. ‘இருக்கிறது’ என்று எழுதச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்.

“இல்லைன்னு அவங்ககிட்ட சொன்னது யாருப்பா?”

“நான்தான் தோழர்.”

“எத்தனை தடவை?”

“ஒம்போது.”

“பதினொண்ணு,” என்றார் சந்திரமதி. “ரெண்டு நான் டைப் பண்ணது. இவருக்குக் கை வலின்னாரு.”

போனில் இருந்த கடிதத்தைப் படித்தேன். அற்புதமான கடிதம். ‘தங்கள் தீவில் இணைய வசதி அறவே இல்லை என்பதைத் தாங்கள் பதினொரு முறை தெரிவித்திருப்பதை மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்தோம். எனவே ஆன்லைன் தேர்வெழுதும் சிரமத்திலிருந்து தங்களை விடுவித்து, சென்னை மையத்தில் நேரில் வந்து எழுதச் சிறப்பு அனுமதி வழங்குகிறோம். அச்சிட்ட பாடநூல்கள் ஏற்கனவே கப்பல் தபாலில் அனுப்பப்பட்டுள்ளன. தங்கள் விடாமுயற்சியைப் பாராட்டுகிறோம்.’

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை.

“சிரிக்காதீங்க தோழர். அருண்பிரசாத் பய இப்பவே புது ஷூ வாங்கிட்டான்.”

எழுதிக் கொடுத்தேன். டெலானிபூரில் நெட் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, பழைய நிலை வேறு, இன்றைய நிலை வேறு என்று கூட்டத்தில் பேசுகிற மாதிரி இரண்டு பக்கம். நாலாம் நாள் பதில் வந்தது. இந்தத் தடவை பாராட்டு இல்லை. ‘அரசு ஊழியரான தாங்கள் முன்பு தெரிவித்தது உண்மையா, தற்போது தெரிவிப்பது உண்மையா என்பதை எழுத்துமூலம் தெளிவுபடுத்தவும். முன்பு தெரிவித்தது பொய்யெனில், வழங்கிய அவகாசங்கள் அனைத்தும் ரத்தாகும்.’

நம்மவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, “கப்பல் எப்ப தோழர்?” என்றார்.

பள்ளிக்கூட லீவு. ஊரே மெயின்லேண்டுக்குப் போகிற சமயம். விமானத்தில் இடம் இல்லை. கப்பலில் பங்க் கிளாஸில் ஒரு படுக்கை கிடைத்தது. சந்திரமதி பையில் லுங்கி, வாந்தி மாத்திரை, எலுமிச்சை ஊறுகாய், அவற்றுக்குக் கீழே கட்டுப் பிரிக்காத தபால் பார்சல், எல்லாம் வைத்தார். “இது எதுக்கு? நோட்ஸ் எல்லாம் ஆன்லைன்ல இருக்கு,” என்றார் நம்மவர். “இருக்கட்டும். தலைக்கு வச்சுப் படுத்துக்கலாம்ல?” என்றார் அந்த அம்மாள்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்து, கரை கண்ணுக்கு மறைந்ததும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நெட் இல்லை. அறவே இல்லை. பதினொரு முறை வேண்டி விரும்பிக் கேட்டுக்கொண்ட வரம், வங்காள விரிகுடாவில் கிடைத்தது.

முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் அறிவிக்க குரூப் இல்லை, பார்க்கக் கிரிக்கெட் இல்லை, சாக்குச் சொல்ல ஆள் இல்லை, பொத்தானை அழுத்தச் சந்திரமதியும் இல்லை. வேறு வழியே இல்லாமல் பார்சலைப் பிரித்தார். எதிர்ப் படுக்கையில் ஒச்சப்பன் என்று ஒரு கொத்தனார், உசிலம்பட்டிக்காரர், ஊருக்குப் போகிறார்.

“என்னா சார் படிக்கிறீக?”

“பொது நிர்வாகம்.”

“அப்படின்னா?”

நம்மவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல கோப்பு எப்படி நகரணும்னு சொல்றது,” என்றார்.

“நல்லதாப் போச்சு. தீவுல எங்க வீட்டு கரண்டு கனெக்சன் கோப்பு மூணு வருசமா ஒரே எடத்துல கெடக்கு சார். அது ஏன் நகர மாட்டேங்குதுன்னு அதுல போட்டிருக்கா?”

“எந்த ஆபீசு?”

ஒச்சப்பன் சொன்னார். நம்மவருடைய ஆபீஸ். நம்மவருடைய செக்ஷன். நம்மவர் அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். ஆனால் கொத்தனார் விடுகிற ஆளா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேள்வி. மேலதிகாரி கேட்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், காலக்கெடு என்றால் என்ன, தாமதத்துக்கு யார் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் தேடித் தேடி, சென்னைத் துறைமுகம் தெரிவதற்குள் நம்மவர் ஐந்து புத்தகத்தையும் படித்து முடித்திருந்தார். பேராசிரியரால் ஆகாதது ஒரு கொத்தனாரால் ஆனது.

ஜூலையில் ரிசல்ட். ஐந்திலும் பாஸ். நாற்பது எடுத்தால் பாஸ் என்ற பேப்பரில் நாற்பத்தொன்று. தலைமை கிளார்க் நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தார். அருண்பிரசாத் வந்து கை கொடுத்தான், புது ஷூவோடு. ஒச்சப்பன் வீட்டில் மூன்றே நாளில் விளக்கு எரிந்தது. குறையொன்றும் இல்லை.

ஒரே ஒரு துக்கம்தான். “நெட்டே இல்லாம படிச்சவன்யா நான்!” என்று நம்மவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார். மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. ஒருவரும் நம்புவதில்லை. சந்திரமதி மட்டும் தலையாட்டுகிறார். “நிசம்தான். மூணு வருசப் படிப்பை மூணே நாள்ல முடிச்சிட்டாரு.”

இனம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? போன வாரம் தொப்பி போட்ட படம் மறுபடியும் வந்திருக்கிறது. எம்.ஏ. சேர்ந்துவிட்டாராம். புது டைம்டேபிள், இந்தத் தடவை ஐந்து வண்ணம். லேப்டாப்பை அடுப்படிக்குக் கொண்டுபோனபோது சந்திரமதி அதைத் திருப்பிக் கொண்டுவந்து ஸ்டடி மேஜைமேல் வைத்துவிட்டாராம். “பொத்தானை நீங்களே அமுக்குங்க. நான் பி.ஏ.வோட நிறுத்திக்கிட்டேன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு விஷயம். இவ்வளவு நேரம் உட்கார்ந்து இதைப் படித்தீர்களே, இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை எது? ஏதோ ஒரு கோர்ஸ், ஏதோ ஒரு மொழி, ஏதோ ஒரு யோகா, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் திரையில் இப்போது கேள்வி வந்து நிற்கிறது. நீங்கள் இருக்கிறீர்களா?

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறது.