நட்சத்திரத் தகப்பனார்

உள்ளறையில் டெலிபோன் அடித்தது. கூடத்தில் மீரா உசேன் பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க பாய், முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்" என்றார் துரைராசு.

வாசகரே, இவர்தான் நட்சத்திரத் தகப்பனார். நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்ட பிறகு, நம் காவிரிக் கரையில் குறுவை சம்பாவைவிட அமோகமாக விளையும் இனம். பிள்ளை வெளிநாடு போன மறுவாரமே பிள்ளையின் படிப்பெல்லாம் இவருக்கு வந்துவிடும். பூதலூர் ரயிலடியில் கறிவேப்பிலை வாங்கும்போதும், சாவு வீட்டில் பாடைக்கு மூங்கில் பிளக்கும்போதும், திருவையாற்றில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியிலும், ஆஸ்திரேலியாவில் மகன் பரணிதரன் இரட்டை நட்சத்திரங்களை எடைபோடும் விதத்தை விளக்கிவிடுவார். யார் கேட்டார்கள்? கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

மீரா உசேன் நட்சத்திரம் கேட்க வரவில்லை. தெருவில் போன் இருப்பது இந்த ஒரு வீட்டில்தான். மகள் மர்யத்தின் நிக்காஹுக்கு லீவு கிடைத்ததா இல்லையா என்று சொல்ல, சவூதியிலிருந்து மகன் ஜாஃபர் சாதிக் இன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுவதாக எழுதியிருந்தான். சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தேதி சொல்லியாக வேண்டும். ஆனாலும் அடுத்த வீட்டுப் போனை அந்த வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தால்தானே மரியாதை?

"தூரத்து நட்சத்திரம் நீங்க. பாக்குறவன் பரணி. நடுவுல ஒரு ஜோடி குறுக்கே வருது. நானும் பிரகதாம்பாளும்னு வச்சுக்குங்க. எங்க ஈர்ப்பு உங்க வெளிச்சத்தைப் பூதக்கண்ணாடி மாதிரி குவிக்கும். ஒத்தை நட்சத்திரம்னா வெளிச்சம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஜோடின்னா சுரீர் சுரீர்னு எகிறும். அதை வச்சே, எங்களைக் கண்ணால பாக்காமலே, எவ்வளவு தள்ளி நிக்கிறோம், யாரு கனம்னு சொல்லிடலாம்."

"யாரு கனம்னு தெருவுக்கே தெரியும். போனை எடுங்க" என்றாள் பிரகதாம்பாள் அடுக்களையிலிருந்து.

"அண்ணே, போன்..."

"இருங்க பாய். அந்த மினுக்கு ஒரே தடவைதான் வரும். விட்டா திரும்ப வராது. அதனால பரணி கண்ணே கொட்டறதில்ல."

மணி நின்றது. மீரா உசேனின் முகமும் அணைந்தது. மறுபடி அடித்ததும் துரைராசு எழுந்து போனார்.

"யாரு, ஜாஃபரா? அத்தா இங்கதான் இருக்காரு. ஏம்பா, பாலைவனத்துல வானம் தெளிவா இருக்குமே? நம்ம பரணி என்ன சொல்றான்னா..."

கடல் தாண்டி, முன்னால் காசு கரையும் போன் கார்டும் பின்னால் நீண்ட வரிசையுமாக ஒருவன் நிற்கிறான். இங்கே வானம் விளக்கப்படுகிறது.

"இந்தாங்க பாய்."

மீரா உசேன் ரிசீவரை இரண்டு கைகளாலும் வாங்கிக் காதில் வைத்தார். கொர்ர்ர். அந்தக் கொர்ருக்குப் பின்னால் ஒரு மகன் இருந்தான்.

"மறுபடி அடிப்பான். உட்காருங்க, மீதியையும் சொல்லிடறேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மீதி முழுவதையும் கேட்டார். போன் அடிக்கவில்லை.

"ஒரே தடவைதான்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து, "ஒரு விஷயமா வந்தேன்..." என்று ஆரம்பித்தாரே, அது என்ன விஷயம்? உங்கள் மகளின் அமெரிக்க வேலையைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது, இல்லையா?

அவர் போய்விட்டார். கதவையும் நீங்களே சாத்திவிட்டீர்கள்.