திருகாணிச் சாமி

மலேசியாவின் பாடாங் மேஹாவுக்கு அருள் வந்துவிட்டது. அதுவும் செம்பனைக் காட்டுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில்! ஞாயிற்றுக்கிழமை போனால் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை. பந்தடித்துத் தோள் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தோளுக்குள் டாக்டர் வைத்த இரும்புத் திருகாணியை அங்கிருக்கும் திருகாணிச் சாமி மூங்கில் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவாராம். கத்தியில்லை, ரத்தமில்லை. மறுநாளே மைதானத்தில் இறங்கலாம். உண்டியல் மட்டும் கொஞ்சம் பெரியது.

லோகேஸ்வரியும் நின்றாள். கூலிம் தொழிற்சாலையின் பூப்பந்து வீராங்கனை. போன மாதம்தான் தோளில் திருகாணி வைத்துத் தசைநாரைத் தைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் மட்டையைத் தொட்டால் தையல் பிய்ந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் ஆட்டமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறுதியாட்டமோ அடுத்த வாரம்.

"சாமி எடுத்துட்டா நாம ஆடலாம்லா, அக்கா."

பிரேமாவதி அவளுடைய இரட்டையர் ஆட்டக் கூட்டாளி. கோப்பை ஆசை அவளுக்கும் உண்டு. ஆனால் மூளையும் இருந்தது.

"மொதல்ல எனக்கு எடுக்கட்டும். அந்த ஸ்லிங்கைக் கொடு. நீ கைய அசைக்காம உக்காரு."

ஸ்லிங்கை மாட்டிக்கொண்டு பிரேமாவதி சாமிக்கு முன்னால் அமர்ந்தாள். எல்லாம் அறிந்த சாமிக்கு ஸ்லிங் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்திருந்தது. குழாயை அந்தத் தோளில் வைத்து உறிஞ்சினார், கண்ணை உருட்டினார், துப்பினார். தாம்பாளத்தில் 'ணங்' என்று ஒரு திருகாணி.

"டாக்டர் போட்ட இரும்பும்மா! வலி போச்சா?"

"வலியே இல்ல சாமி. ஆபரேஷனும் இல்ல." பிரேமாவதி சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பில்லாத தோளைக் காட்டினாள். "இந்த ஸ்லிங் அவளோடது."

சாமி வாயைப் பிளந்தார். அடுத்த ஆளுக்காகக் கன்னத்தில் ஒதுக்கியிருந்த திருகாணி தானாகவே விழுந்தது.

வரிசையில் நின்றவர்கள் உண்டியலைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைப் பக்கிரிசாமி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணாத தோள்லயே எடுத்துட்டாரே! என்ன சக்தி!"

அந்தச் சக்தி அதற்குள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

லோகேஸ்வரி அழுதாள். "அப்போ கோப்பை?"

"போகட்டும்டி. அடுத்த வருசம் ஆறின தோளோட வா, ஆடலாம்."

பக்கிரிசாமி இன்னும் அந்தத் திருகாணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். ஐயா, தைத்த தோளுக்கு ஆறு மாத ஓய்வு வேண்டும், சரி. உங்கள் மூளைக்கு இத்தனை வருட ஓய்வு போதாதா?