சுடலைக்குயிலுக்குப் பாஸ்போட் இல்லை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், மட்டக்களப்புத் தேவன், சலவைக்கு உடுப்பு எடுக்க வந்த போர்த்துக்கல்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அகதி விசாரணையில் "அப்போது ஆர் ஆர் நின்றது?" என்று நாலு தரம் கேட்டதிலிருந்து, ஆளை எண்ணாமல் எனக்கு ஒரு கதையும் தொடங்க வராது. அறைக்காரர் குருவியண்ணை அங்கே இல்லை. அவருடைய கொப்பி மட்டும் கட்டிலில் திறந்தபடி கிடந்தது.

குருவியண்ணையைப் போலச் சந்தேகத்துக்குரிய ஒரு மனுசனைச் சுவிஸ் நாடு அதுவரை கண்டிருக்காது என்பது அப்போது என் உறுதியான எண்ணம். சுவிஸ் மலைகளுக்குள் எங்கடின் என்கிற பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் நாங்கள் மூன்று பேரும் வேலை. அவர் சட்டி கழுவுவார், தேவன் மரக்கறி வெட்டுவான், நான் கோப்பை துடைத்தபடி பயப்படுவேன். என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. தபால்காரர் படியேறினாலே நான் பின்கதவால் இறங்கிவிடுவேன்.

குருவியண்ணை குடிக்கமாட்டார். கடுதாசி விளையாடமாட்டார். இந்த ஹோட்டலில் முதற் சம்பளம் எடுத்ததும் எங்கள் ஆட்கள் டிவி வாங்குவார்கள், தங்கச்சியின் சீதனத்துக்கு அனுப்புவார்கள். இவர் வாங்கியது ஒரு தூரக்கண்ணாடி. தூரத்தில் இருக்கிறவனைப் பார்க்கவேண்டிய தேவை ஒரு சட்டி கழுவுகிறவருக்கு ஏன் வரவேண்டும்?

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை எங்களுக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. நாங்கள் நித்திரை கொள்ளுவோம். இவர் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற காட்டுக்குள் போவார். ஒருநாள் பின்னாலேயே போனேன். ஒரு மரத்துக்குக் கீழே ஆடாமல் அசையாமல் ஒரு மணித்தியாலம் நின்றார். ஒருவரும் வரவில்லை. வரவேண்டிய ஆள் என்னைக் கண்டு திரும்பிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அந்தக் குளிரில் எனக்குப் பிடித்த தடிமன் மாற இரண்டு கிழமை எடுத்தது.

அப்படியிருக்கத்தான் இந்தக் கொப்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தேவன் வாசலைப் பார்த்துக்கொண்டான்.

"டெல்லி, யமுனைக் கரை. காலமை ஆறு மணி. மழை விட்டால் மட்டும்."

"மதுரா. ரயில் நிற்பது பன்னிரண்டு நிமிடம். சாரசுக் கொக்கு, ஜோடி. வயலுக்குள் நிற்கும். இறங்கத் தேவையில்லை."

"பரத்பூர். மஞ்சள்மூக்கு நாரை, குஞ்சுகளோடு. இரண்டரை மணித்தியாலம். குடை அவசியம்."

அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு: "சுடலைக்குயில். மழையோடு ஆபிரிக்காவிலிருந்து வரும். பாஸ்போட் இல்லை. குஞ்சை மற்ற ஆளின்ர கூட்டில் வளரவிட்டிட்டுப் போகும்."

தேவன் வாசலை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினான். "மச்சான், ஆள் ஏஜென்சிதான்," என்றான்.

எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. காசு வாங்கி ஆட்களைக் களவாய் எல்லை கடத்திக் கொண்டுவருகிறவர்களை நாங்கள் ஏஜென்சி என்போம். நாங்கள் எல்லோருமே அப்படி வந்தவர்கள், அவர்களின் கதை எங்களுக்கு விளங்கும். ஜோடி என்றால் புருசன் பெண்சாதி. மற்ற ஆளின் கூடு என்றால் மற்ற ஆளின் பாஸ்போட். பிள்ளையை அதில் சேர்த்து ஏற்றிவிடுவது. மஞ்சள்மூக்கு ஆர் என்றுதான் பிடிபடவில்லை. போர்த்துக்கல்காரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குருவியண்ணையின் தலையணை உறையை இழுத்துக்கொண்டு போனாள்.

பொலிஸ் வந்தால் முதலில் பிடிபடுகிறவன் நான். என்னுடையது அடுத்த அறை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேறொரு யோசனை வந்தது. அது முந்தினதைவிட மோசம்.

என் தம்பி டெல்லியில் நின்றான். அவனைக் கூட்டிவந்த ஏஜென்சி காசோடு மறைந்து ஆறு மாதம். நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தான். கடைசியாக டெலிபோன் எடுத்தபோது மழைத்தண்ணி உள்ளே வருகிறது என்றான். பிறகு இரண்டு கிழமையாகச் சத்தம் இல்லை. குருவியண்ணைக்கு நிரந்தர விசா இருந்தது, எனக்கோ நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்க ஏலாது.

சட்டி கழுவுகிற இடத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாரையளைப் பற்றி."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "ஐசே, செஃப்புக்குச் சொல்லிப்போடாதையும். சீசனுக்க பத்து நாள் லீவு கேட்டிருக்கிறன். அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு."

"தலைக்கு எவ்வளவு?"

"தலைக்கோ? பார்க்கத்தானே போறன்."

"என்ர தம்பியும் டெல்லியில நிக்கிறான். அந்தச் சுடலைக்குயிலோட சேர்த்து அனுப்பிவிடுங்கோ, அண்ணை."

அவர் கையிலிருந்த சட்டி தண்ணிக்குள் போனது.

"நீர் என்னை ஏஜென்சி எண்டே நினைச்சனீர்?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"தூரக்கண்ணாடி வாங்கின நாளில இருந்து."

"பிறகேன் என்னட்டை வாறீர்?"

"வேற ஆரை அண்ணை எனக்குத் தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்தார், அறைக்குக் கூட்டிப்போய்க் கொப்பியை எடுத்தார். அது முழுக்கப் பறவை என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். மழைக்குத்தான் நாரைகள் அங்கே கூடு கட்டுமாம், வெயிற்காலத்தில் போய்ப் பிரயோசனமில்லையாம், பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் பார்க்க எட்டு வருசமாக மணித்தியாலம் கணக்குப் பார்த்தாராம். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நம்பவில்லை. மழையில் நனைந்து நாரை பார்க்கச் சம்பளத்தைக் கொட்டுகிறவர் ஒருவர் இருப்பார் என்பதைவிட ஏஜென்சி என்பது நம்பக்கூடியதாக இருந்தது. கடைசியில் தம்பியின் விலாசத்தைக் கேட்டு, யமுனைக்கும் மதுராவுக்கும் இடையில் எழுதினார்: "தம்பி. ஒன்று. இருபது நிமிடம்."

அவர் போய் நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. தம்பிக்கென்று நான் கொடுத்துவிட்ட இருநூறு பிராங்கும் நாரையோடு பறந்துவிட்டது என்றான் தேவன். நான் அவரைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத முடியாது. ஐந்தாம் நாள் ஹோட்டல் டெலிபோனுக்கு வந்தார்.

"ஆளைக் கண்டிட்டன். காய்ச்சல். ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. நீர் யோசியாதையும்."

யோசியாதையும் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவரில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் நித்திரை கொண்டேன்.

"பரத்பூர் அண்ணை?"

"லைன் சரியில்லை, ஐசே," என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் வந்து, வந்த கையோடு சட்டி கழுவ இறங்கினார். செஃப் அம்மாவின் சுகம் விசாரித்தான். இப்போ கஞ்சி குடிக்கிறா என்று சொன்னார். அன்று மத்தியானம் அவர் காட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கொப்பியை எடுத்தேன். பழக்கம் விடாதுதானே. யமுனை, மதுரா, பரத்பூர், எல்லாவற்றின் மேலும் ஒரே கோடு. "இருபது நிமிடம்" வெட்டுப்பட்டு "எட்டு நாள்" ஆகியிருந்தது. அதற்குக் கீழே:

"ஆஸ்பத்திரி யன்னல். காகம், ஒன்று. நனைந்தது.

தம்பி. முதல் நாள்: அசைவில்லை. மூன்றாம் நாள்: கண் திறந்தது. நாலாம் நாள்: கஞ்சி. ஆறாம் நாள்: தமையனைப் பற்றிக் குறை சொன்னது. எட்டாம் நாள்: திருச்சி ரயிலில் ஏற்றி, அவையின்ர மாமி வீட்டுக்கு. யன்னலோரம். கை காட்டியது."

திரும்ப எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தமுறை நேரம் எடுத்ததற்குக் காரணம் எட்டாம் வகுப்பு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர் கட்டியது நானூற்றி எண்பது பிராங். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ரசீது கேட்டேன். தந்தார். இப்போது அவர் சோலோதுர்ன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருதரம் ரயிலெடுத்துப் போய் இருபது பிராங் கொடுப்பேன். அவர் தேத்தண்ணி ஊற்றுவார், ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஏதாவது ஒரு வாத்தைக் காட்டுவார். அது சாதாரண வாத்துத்தான் என்று எனக்குச் சந்தேகம். போன வருசம் பரத்பூருக்கும் போய்வந்துவிட்டார். நாரை, குஞ்சுகளோடு, இரண்டரை மணித்தியாலம்.

கடன் முடிந்தால் என்ன சாட்டுச் சொல்லி அங்கே போவது என்று யோசித்து, தையிலிருந்து இருபதைப் பத்தாக்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாற மாதம் ஐந்தாக்குகிற எண்ணம். மிச்சம் நூற்றி நாற்பது பிராங்.