மூன்றாம் பக்கத்தை நான் எழுதவில்லை

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் வீட்டுக்குச் சுதந்திரம் அறிவித்தேன். கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் மனைவி பரிமளா. இன்னொருவர் பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சர். டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்தவர், மாட்டிக்கொண்டார்.

"இன்னியிலேர்ந்து இந்த வீட்டுல திருட்டு சாப்ட்வேர் கிடையாது" என்றேன்.

நான் தணிகாசலம். ஆரணி கொசப்பாளையத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன். முந்தின நாள் வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். அமல்ராஜ் என்கிற கல்லூரி ஆசிரியர் பேசினார். நாமெல்லாம் நகல் எடுத்துப் போட்டுக்கொள்கிற விண்டோஸ் திருட்டுச் சரக்கு. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இப்படி அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டினேன். பலமாகத் தட்டியதாலேயே கூட்டம் முடிவதற்குள் என்னை ஆரணி அமைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். ஒரு சிடியும் ஒரு பேனரும் கொடுத்து பஸ் ஏற்றினார்கள்.

பேனரை விரித்துக் காட்டினேன். 'கட்டற்ற மென்பொருள் இயக்கம், ஆரணி'.

பரிமளா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கட்டினவ ஒருத்தி இங்க நின்னுகினு இருக்கேன். கட்டற்றதுன்னு போர்டு மாட்டினா ஊர்ல என்னாங்க நெனைப்பாங்க?"

"கட்டற்றதுன்னா சுதந்திரம்னு அர்த்தம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஃப்ளோரன்ஸ் டீச்சர் கறிவேப்பிலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் பாதி நாள் பரிமளாதான் உட்காருவாள். பட்டுப் புடவைக்கு பார்டர், முந்தி, புட்டா டிசைன் போடுவது அவள் தொழில். கட்டம் கட்டமாக வரைந்து, சனிக்கிழமை தோறும் முள்ளிப்பட்டுக்குப் போய் தறிக்காரர் தசரதனிடம் கொடுத்துவிட்டு வருவாள். அவர் அதைப் பார்த்து அட்டை குத்தித் தறியில் ஏற்றுவார்.

"அப்போ நான் டிசைன் போடற ப்ரோக்ராம்?" என்றாள்.

"அதுவும் திருட்டு. அதுக்குப் பதிலா கிம்ப்னு ஒண்ணு இருக்கு."

"ஜிம்ப்பா?"

"கிம்ப்."

"அதுல எப்படிப் போடறது?"

"ரொம்ப சுலபம்."

"நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கொள்கை வேற, பழக்கம் வேற, பரிமளா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அன்னபட்சி பார்டர் முடிக்கணும். பேஜார் பண்ணாதீங்க. முதல்ல என் டிசைனை எல்லாம் சிடில ஏத்திக்கிறேன், அப்புறமா உங்க சுதந்திரத்தைப் போடுங்க."

அவள் ஏற்றினாள். நான் போட்டேன். வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, கம்ப்யூட்டரில் இருந்த ஜன்னலை மட்டும் மூடிவிட்டேன்.

அந்த வாரம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை நிமிரவில்லை. பரிமளா காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்கமாட்டாள். கோடு போட்டால் வட்டம் வரும். வட்டத்தை அழித்தால் அன்னபட்சியின் கழுத்து போகும். புதன்கிழமை அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன். "சுதந்திரம்னா சும்மாவா?" என்று ஆறுதல் சொன்னேன். பிறகு ஒரு காபி கேட்டேன்.

அவள் என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டாள். இரண்டுக்கும் நான் கொள்கை சொன்னேன். மூன்றாவது சந்தேகத்தை ஃப்ளோரன்ஸ் டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். உதவிப் பக்கத்தை டீச்சர் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, இவள் செய்து செய்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்த அன்னபட்சி, மறுநாள் கழுத்தோடு முள்ளிப்பட்டு போயிற்று.

என் கதை வேறு. இருபத்திரண்டு வருடம் என் விரலுக்குப் பழக்கம் டைப்ரைட்டர் கீபோர்டு. லினக்ஸில் உட்கார்ந்து 'மாண்புமிகு' என்று அடித்தேன். எந்த மொழியிலும் இல்லாத ஒரு வார்த்தை வந்தது. மறுபடி அடித்தேன். அதற்கு அண்ணன் ஒருவன் வந்தான். ஊருக்கே டைப்பிங் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் 'எழுத்து எங்கே இருக்கிறது' என்று யாரிடம் கேட்பது? பரிமளாவிடம் கேட்கலாம். ஆனால் சுலபம் என்று சொன்னவன் நானல்லவா.

இரண்டாவது வாரம் அவள் தெள்ளாரில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் போனாள். அவள் பஸ் கிளம்பியதும் நான் கலசப்பாக்கத்திலிருந்து பலராமன் என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். ஆரணியிலேயே மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அத்தனை பேரிடமும் நான் திருட்டு சாப்ட்வேரின் கேவலத்தைப் பற்றி ஏற்கெனவே பேசியிருந்தேன்.

பலராமன் உள்ளே இருந்த இடத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி லினக்ஸ். இன்னொரு பாதியில் பழைய திருட்டு விண்டோஸ். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக லினக்ஸ் வரும். மூன்று வினாடிக்குள் ஒரு குறிப்பிட்ட பட்டனை அழுத்தினால் மட்டும் என் பாதி திறக்கும்.

"விண்டோஸ்லேர்ந்து பாத்தா லினக்ஸ்ல இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். சுவரு மாதிரி."

எனக்குத் திருப்தியாக இருந்தது. கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் பரிமளா முள்ளிப்பட்டு போவாள், நான் விண்டோஸுக்குப் போவேன். துண்டறிக்கை, மாதாந்திர அறிக்கை, ஊரில் பேச வேண்டிய பேச்சு எல்லாம் அங்கேதான் அடித்தேன். மற்ற ஆறு நாளும் ஆரணியைத் திருத்தினேன். ஜெராக்ஸ் கடை சிவகுமாரிடம், "நீ நல்லவன்தான், உன் கம்ப்யூட்டர்தான் திருடன்" என்று வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சொன்னேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று மாதம் போயிற்று. செப்டம்பரில் அமல்ராஜ் போன் செய்தார்.

"சார், ஆரணியிலயே ஒரு கூட்டம் போட்டுடலாம். உங்க வீட்டம்மா லினக்ஸ்லதான் பட்டுப் புடவை டிசைன் போடறாங்களாமே? அவங்க டிசைன்ல வந்த புடவையை முள்ளிப்பட்டுல பாத்தேன், அசந்துட்டேன். யாரு கத்துக்குடுத்தாங்க?"

யோசிக்க எனக்கு ஒரு வினாடி கிடைத்தது. அந்த ஒரு வினாடியில் நான் நல்லவனாக இருந்திருக்கலாம்.

"எல்லாம் நம்ம வீட்டுலயேதான் சார்" என்றேன்.

"அதைப் பத்தியே பேசுங்க."

சனிக்கிழமை பரிமளா கிளம்பியதும் உட்கார்ந்தேன். நான்கு பக்கம். முதல் பக்கம் சுதந்திரம். இரண்டாம் பக்கம் நேர்மை. மூன்றாம் பக்கத்தில், 'என் துணைவியாருக்கு மூன்று மாத காலம் அருகில் அமர்ந்து பொறுமையோடு கற்பித்தேன்' என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. 'இரவு பகல் பாராமல்' என்பதையும் சேர்த்தேன். நான்காம் பக்கம் நன்றி. பிரிண்ட் எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் அறுபது பேர். முன் வரிசையில் பரிமளாவும் ஃப்ளோரன்ஸ் டீச்சரும். கடைசி வரிசையில் ஜெராக்ஸ் சிவகுமார். மேடையில் என் பேனர்.

டைப்பிங் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கண் படிக்கும், கை அடிக்கும், மூளை எங்கேயாவது போய்விடும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கு வாய்விட்டுப் படித்தாலும் அப்படித்தான். முதல் பக்கத்துக்குக் கைதட்டல். இரண்டாம் பக்கத்துக்கு அதைவிடப் பலம். அதே ஏற்ற இறக்கத்தோடு மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். எழுத்து கொஞ்சம் அழகாக இருந்தது. அப்போதாவது கவனித்திருக்கலாம்.

"இங்கே ஓர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று கையை உயர்த்தினேன். "இந்த உரையை நான் திருட்டு விண்டோஸில் அடித்தேன். அதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மறைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் என் மனைவி முள்ளிப்பட்டு போனதும் திறப்பேன்."

முள்ளிப்பட்டு என்ற இடத்தில் மூளை திரும்பி வந்தது.

உயர்த்திய கை அப்படியே நின்றது. பரிமளாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. தறியில் முதல் முழம் எப்படி வருகிறது என்று பார்க்கிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். நிறுத்தினால் இன்னும் அசிங்கம். குரல் இறங்க இறங்க மிச்சத்தையும் படித்தேன்.

"என் மனைவிக்கு நான் எதையும் கற்பிக்கவில்லை. அவளே கற்றுக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ் டீச்சர் படித்துச் சொன்னார். அவள் அழுதபோது நான் காபி கேட்டேன்."

அவ்வளவுதான் அந்தப் பக்கம். நன்றிப் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

முதலில் ஜெராக்ஸ் சிவகுமார் எழுந்து நின்று தட்டினார். பிறகு மண்டபமே எழுந்தது. அமல்ராஜ் மேடைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷமா கூட்டம் நடத்தறேன். தன் தப்பை மேடையில ஒத்துக்கிட்ட ஒரு மனுஷரை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று மைக்கில் சொன்னார்.

நான் எழுதவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கும்பிட்டேன். ஒரு மாலை வந்தது, அதற்கும் கழுத்தை நீட்டினேன். மனைவி எழுதிக் கொடுத்த நேர்மைக்கு மாலை வாங்கிக்கொண்ட முதல் ஆள் ஆரணியில் நான்தான்.

வீட்டுக்கு நடந்தோம். டீச்சர் எங்களைத் தனியே விட்டு முன்னால் போய்விட்டார்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"உங்க பக்கத்துலேர்ந்து பாத்தா என் பக்கம் தெரியாது. என் பக்கத்துலேர்ந்து பாத்தா உங்க பக்கம் பூரா தெரியும். தெள்ளாருக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"மூணு மாசமாவா? ஏன் சொல்லல?"

"பழகின கை, பாவம், போவட்டும்னு விட்டேன். டைப்ரைட்டர் கீபோர்டு லினக்ஸ்லயும் இருக்குங்க. மூணாவது வாரமே உங்களுக்காகப் போட்டு வெச்சேன். கேட்டா காட்டலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் இன்னிக்கு மட்டும் பக்கத்தை மாத்தி வெச்சே?" என்றேன்.

அவள் நின்றாள். "திருட்டு விண்டோஸ் வெச்சிகினீங்க, சரி. நான் அழுது கத்துக்கினதை நீங்க கத்துக்குடுத்ததா எழுதிகினீங்களே. அது யார் வீட்டுச் சரக்குங்க?"

மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டேன். தெரு முனை வந்ததும், "தப்புதான் பரிமளா" என்றேன்.

"இது நீங்களா சொல்றதா, இல்ல எங்கனா பாத்துப் படிக்கிறதா?"

"நானாத்தான்."

"அப்போ சரி" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அமல்ராஜிடமிருந்து கடிதம் வந்தது. ஆரணி அமைப்பாளர் இனிமேல் பரிமளா. நான் கௌரவ ஆலோசகர். ஆலோசனை கேட்டு யாரும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் முள்ளிப்பட்டு போனதும், இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லாமல் லினக்ஸிலேயே பழகிக்கொள்வோம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். என் பாதி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. உட்காருவது யார் என்று திரை கேட்டது. கேட்டதோடு நிற்காமல், இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார உரிமை உள்ளவர்கள் என்று மூன்று பெயரை வரிசையாகக் காட்டியது.

பரிமளா. ஃப்ளோரன்ஸ் டீச்சர். விருந்தாளி.