முத்தையாபுரம் போய்வந்த டிஸ்க்

இனி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எழுத்துக்கூடத் தொலையாது என்று நான் சபதம் எடுத்தேன்.

காரணம் எதிர்வீட்டு ஞானபாக்கியம் டீச்சர். உப்புக்காற்று அரித்து அவர் கம்ப்யூட்டர் ஒரே நாளில் மண்டையைப் போட்டது. மகள் கல்யாணப் போட்டோ அத்தனையும் போச்சு. டீச்சர் அழுத அழுகை துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

என் மனைவி ஜெப்ஸி பயந்துபோனாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். எட்டு வருஷத்து வினாத்தாள்கள் எங்கள் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன.

"என்னங்க, நம்மளும் ஒரு காப்பி போட்டு வைக்கணும்."

"போடு. எனக்குச் சீனி கம்மியா."

"குடிக்கிற காப்பி இல்ல. கம்ப்யூட்டர்ல உள்ளதுக்கு!"

நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். கண்டெய்னரையே கடல் தாண்டி அனுப்புகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தேன்.

"ஏளா, காப்பியும் இதே வீட்டுல இருந்தா என்ன பிரயோஜனம்? வெள்ளம் வந்தா ரெண்டும் சேந்துல்லா போகும்? டிஸ்க்க வேற வீட்டுல வைக்கணும்."

"எங்கன?"

"முத்தையாபுரத்துல, நம்ம பாண்டியராஜ் வீட்டுல. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல வச்சு அவன் டிஸ்க்கத் தருவான். சனிக்கிழமை நான் காப்பி எடுத்து, சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்."

"வாராவாரமா? உங்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை!"

அக்கறைதான். பாண்டியராஜ் வீட்டுத் தெருமுனையில் ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் எனக்குப் பரோட்டாவைத் தடைசெய்து ஒரு வருஷம் ஆகிறது.

முதல் சனிக்கிழமை காப்பி எடுக்க உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். அதற்குள் சால்னா தீர்ந்துவிடும். டிஸ்க்கை உருவிப் பையில் போட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் உட்காரக்கூட இல்லை.

ஏழாவது வாரம், புதன்கிழமை. ஆபீஸ் விட்டு வந்தால், ஜெப்ஸி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் செத்துட்டு!"

ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். திரை இருட்டு. என் கண்ணும் இருட்டியது.

"நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நல்லவேளை, உங்க டிஸ்க் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

"அது... அதுல கொஞ்சம் வைரஸ்..."

"பாண்டியராஜ் அண்ணனுக்கு நான் போன் போடட்டா?"

அவள் கண்ணில் நீர் தளும்பியது. எட்டு வருஷ உழைப்பு. அதை நான் சால்னாவில் முக்கித் தின்றிருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

"டிஸ்க் காலி, ஏளா. நான் காப்பியே எடுக்கல. பரோட்டா திங்கத்தான் போனேன்."

"எத்தன?"

"நாலு."

பார்த்தாள்.

"ஆறு. கூட ரெண்டு ஆம்லெட்."

ஜெப்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். கழற்றிப் போட்டிருந்த ஒயரைச் செருகினாள். கம்ப்யூட்டர் பளிச்சென்று எழுந்தது.

"டிஸ்க் முத்தையாபுரம் போய்த் திரும்பிவந்த முதல் வெள்ளிக்கிழமையே அத மாட்டிப் பாத்தேன். உள்ள ஈ காக்கா இல்ல. அன்னைக்கே நான் ரெண்டு காப்பி எடுத்துட்டேன். ஒன்னு இன்டர்நெட்ல. இன்னொன்னு சாகுபுரத்துல எங்க அண்ணன் வீட்டுல."

"அப்ப எதுக்குளா இந்த நாடகம்?"

மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த போனைத் திருப்பினாள். நான் பேசியதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல யாரும் உங்களப் பத்திச் சொன்னா நம்ப மாட்டேங்குதாங்க. அதான், உங்க வாயாலயே."

சொல்லிக்கொண்டே அதைத் தன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

இப்போது என் வாக்குமூலம் நாற்பத்திரண்டு வீடுகளில் பத்திரமாக இருக்கிறது.