அப்புறம் பாய் 'இப்போது' அழுத்திய நாள்

உலகத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வந்தாலும் அசைக்க முடியாத மனிதர் எங்கள் அப்புறம் பாய். தாராவியில் அவருடைய எம்பிராய்டரி பட்டறையில் நான் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் திரையில், 'புதிய பதிப்பு தயார். இப்போதா, அப்புறமா?' என்று கேட்கும். பாய் டீயை வைத்துவிட்டு, தானே வந்து 'அப்புறம்' அழுத்துவார். அதற்குப் பிறகுதான் மெஷினை ஓட்டலாம்.

"புதுசுல தமிழ் எழுத்தெல்லாம் இருக்கு பாய்" என்பேன்.

"இப்ப ஓடுதுல்லா? ஓடுத மெஷின எதுக்குல நோண்டுத? ஸ்கூல் பேட்ஜ் ஆர்டர் முடியட்டும்."

பேட்ஜ் முடிந்தால் தொப்பி, தொப்பி முடிந்தால் விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி மண்டல் டீ-ஷர்ட். மும்பையில் ஆர்டர் எங்கே முடிகிறது?

"முதல்ல பக்கத்து கல்லிக்காரன் போடட்டும். அவன் மெஷின் உசுரோட இருந்தா நாம போடுவோம்" என்பது அவர் சட்டம். பக்கத்து கல்லிச் சந்தில் போய் விசாரித்தேன். "பாய் போடட்டும்னுதான் நாங்க இருக்கோம்" என்றார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த கல்லியும் காத்திருந்தது. இப்படியே பாதி தாராவி பழைய பதிப்பிலேயே நின்றது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மலர்விழி, செம்பூர். "எனக்குத் தமிழ்ல படிக்கத் தெரிஞ்சது என் பேரு மட்டும்தான். அது கல்யாண ஜாக்கெட் கையில இருக்கணும், பக்கா!" என்றாள். தமிழ் எழுத்தோ புதிய பதிப்பில்தான். தயங்கித் தயங்கி பாயிடம் சொன்னேன். மெஷின் படுத்தால் அப்போது வந்திருந்த அடுத்த பேட்ஜ் ஆர்டர் கைவிட்டுப் போகும். அவர் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பட்டறையில் ஃபேன்கூட ஓடவில்லை. "எவனும் தும்மப்படாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, "பிஸ்மில்லா" என்று 'இப்போது'வை அழுத்தினார் பாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மெஷின் பிழைத்தது. வெட்டுத் துணியில் சோதனை போட்டோம். அருமையாக வந்திருந்தது. வெட்டுத் துணிக்கு ஏது தலை, ஏது கால்? நேராகத் திருப்பிப் பிடித்துப் பார்த்து இருவரும் பூரித்தோம். ஜாக்கெட்டில் தைத்த பிறகுதான் தெரிந்தது, புதிய பதிப்பு எல்லாவற்றையும் தலைகீழாகப் போடுகிறது என்று.

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "படிச்சுப் படிச்சு சொன்னேம்லா!"

மலர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து தன் கையைப் பார்த்தாள். "எனக்கு நேராத்தானே தெரியுது! படிக்கப்போறது நான்தானே?"

பாய் மெல்ல எழுந்தார். "அது புது வசதில்லா" என்றார் கம்பீரமாக. அன்றைக்கே பழைய பதிப்புக்குத் திரும்பினார். பேட்ஜும் பிழைத்தது.

இன்று நான் நெருளில் வேறு வேலையில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் கை தானாக 'அப்புறம்' அழுத்துகிறது. எனக்காக ஒரே ஒரு முறை 'இப்போது' அழுத்தியவரை நினைத்துக்கொள்கிறேன்.